இரண்டாவது பொட்டலம்

இருபத்திரண்டு வருடம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கோன் செக்கிங் என் வேலை. இருட்டு அறை, தலைக்கு மேல் ஊதா விளக்கு, அதற்குக் கீழே வரிசை வரிசையாக நூல் சுற்றிய கோன்கள். வெளியில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. அந்த விளக்கில் காட்டினால்தான் வேறு பஞ்சில் ஓட்டிய நூல் தனியாக நிறம் மாறித் தெரியும். அதை உருவி ஓரமாக வைக்க வேண்டும். ஒன்று தப்பினாலும், துணி நெய்து சாயம் ஏற்றிய பிறகு பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் 'இதில் ஏதோ இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இதுதான் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பாழாய்ப்போன அந்தப் பழக்கம் மில் கேட்டோடு நிற்கவில்லை. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். பால்காரர் சிரித்தால் பாலைக் கூடுதலாக ஒரு தடவை முகர்வேன். ஒரே மகளை ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி ஆறு பேரிடம் விசாரித்தேன். ஆறு பேரும் நல்ல விதமாகச் சொன்னதால் ஏழாவதாக ஒருவரைத் தேடிப் போனேன்.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். பழனிக்கு நேர்ந்துகொண்டால்கூட, 'முதலில் நீ செய், அப்புறம் நான் வருகிறேன்' என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். கும்பிட்டுவிட்டு நகரும்போது, காதில் விழுந்ததா இல்லையா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பேன்.

அதே மில்லின் பேருந்தை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். திண்டுக்கல்லிலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருந்தது. "சரி." குழம்பில் உப்பு இல்லையென்றாலும் சரி, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை திருட்டுப் போனபோதும் சரி. "அவன் பாத்துக்குவான் விடு" என்று மேலே ஒரு விரலைக் காட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்தேன். ஐந்து வருடத்தில் அது சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டினேன். அதற்கும் பிறகுதான் எனக்கு அதன் மேல் சந்தேகமே வந்தது.

மில்லை மூடிய அன்று காலை ஷிப்ட் பேருந்தில் நானும் இருந்தேன். கேட் பூட்டியிருந்தது. கேட்டில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். பேருந்தில் இருந்த பெண்கள் இறங்கி ஓடிப் போய், படிக்கத் தெரிந்தவளை முன்னால் தள்ளிப் படிக்கச் சொன்னார்கள். காலவரையற்று மூடப்படுகிறது என்ற வரியோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே எழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. இவர் மட்டும் இறங்கி, தாளை நிதானமாகப் படித்து, மறுபடி சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஏறுங்கம்மா. வெயிலு வாரதுக்குள்ள வீட்டுல விட்டுர்றேன்."

ஒவ்வொருத்தியையும் அவளவள் தெருமுனையில் இறக்கிவிட்டார். கடைசியாக நான் மட்டும் இருந்தேன். "சரி விடு புள்ள, வழி இல்லாமயா போயிரும்" என்றார். சாயங்காலம் மில் ஆட்கள் வந்து பேருந்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அவர் இரண்டு தடவை ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

இன்னொரு மில்லில் டிரைவர் வேலைக்குக் கேட்டிருந்தார். கண் பரிசோதனைச் சான்று வேண்டுமென்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் இடது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், வலது கண்ணில் பார்த்தார், மறுபடி இடது கண்ணுக்கே வந்தார். கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிக் கூடி இடது கண்ணின் பார்வை போயே போய்விட்டது என்றார். வலது கண்ணுக்கு ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட வேண்டும், விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

"இம்புட்டு நாளா எப்படிங்க பஸ் ஓட்டுனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பழகுன ரோடுங்கய்யா" என்றார் இவர்.

வெளியே வந்து ஒரு டீ குடித்தோம். "ஒரு கண்ண விட்டு வச்சிருக்கானே, சரி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸைத் தூக்கி எறிந்திருப்பேன்.

வேலை போனது, வண்டி போனது, கண் போனது. இத்தனை போன பிறகும் ஒரு மனிதன் படுத்த உடனே தூங்குகிறான் என்றால், அவனிடம் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். என்னால் வேறு விதமாக யோசிக்க முடியவில்லை. நான் அவரை ஊதா விளக்கில் வைக்காத குறையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்த உடனே மாட்டினார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடியற்காலையில் கிளம்புவார். ஒன்பது மணிக்குத் திரும்புவார். நடந்து வருகிறவருக்கு வேர்வை நாற்றம் இருக்க வேண்டும். இவர் மேல் மல்லிகைப்பூ வாசம் அடித்தது. முதல் நாள், டீக்கடையில் யாரோ பூக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இரண்டு மொட்டு இருந்தது. கைலி மடிப்பில் வாழைநார்.

ஐம்பத்தைந்து வயது, ஒற்றைக் கண், வேலை இல்லை. இவரை எவள் சீண்டுவாள் என்று ஒரு மனம் சொன்னது. அந்த 'சரி' என்ற சொல்லுக்கு மயங்குகிறவள் ஒருத்தி எங்கேயாவது இருக்கத்தானே செய்வாள், நீயே ஒரு காலத்தில் மயங்கவில்லையா என்று இன்னொரு மனம் கேட்டது.

மறுநாள் அவர் கிளம்பியதும் பின்னாலேயே நானும் கிளம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நான் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தேன். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். பேருந்து நிலையம் வரை பத்தடி தூரத்தில் ஒரே கோட்டில் போனோம். ஒரு தடவை நான் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்கூட இருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்தது பூ மார்க்கெட். நிலக்கோட்டைப் பக்கமிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வேனில் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும் நேரம். நான் வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒரு கடையிலிருந்த பெண் இவரைப் பார்த்துச் சிரித்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள். சரிதான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகினேன். அவள் எழுந்து நின்றபோதுதான் இடுப்பு வளைந்து, என் அம்மா வயது இருக்கும் என்று தெரிந்தது.

"தம்பி, செத்த நேரம் உக்காந்துட்டு எறக்குங்க, வேன்காரன் எங்க ஓடிறப் போறான்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இவர் உட்காரவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேனிலிருந்து மூட்டையைத் தோளில் வாங்கினார். நனைந்த சாக்கு மூட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்தவர் இடது பக்கம் இருந்த தூணில் தோளை இடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் போடவில்லை. தூணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த மூட்டைக்குப் போகும்போது கவனமாகச் சுற்றிப் போனார்.

நான் வந்த வழியே வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். தப்பாக நினைத்துவிட்டோமே என்ற வருத்தம் கொஞ்சம்தான் இருந்தது. மறைத்துவிட்டாரே என்ற கோபம்தான் அதிகம்.

ஒன்பது மணிக்கு வந்தார். "எங்கிட்டு நடந்தீங்க?" என்றேன்.

"மலைக்கோட்டைப் பக்கம்."

"மலைக்கோட்டையில மல்லியப்பூவா வெளயுது?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீதான் பாத்துட்டியே. சொன்னா நீ விடமாட்டே. ஸ்டியரிங் பிடிச்ச கையி மூட்டை தூக்கக் கூடாதும்பே. ஊரு என்ன சொல்லும்பே. எனக்கு அங்க நல்லாத்தான் இருக்கு புள்ள. பூவு மத்த மூட்ட மாதிரி கனக்கல."

நான் சொல்லியிருப்பேன்தான். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மில் பேருந்தில் ஏறி இறங்கிய பெண்கள் எல்லாம் பூ வாங்க வருகிற இடம் அது. அவர்கள் முன்னால் இவர் தலையில் துண்டோடு நிற்பதை நினைத்தாலே எனக்குக் கண் இருட்டியது. இந்த ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

அந்த வாரமே திருப்பூரிலிருந்து என் தம்பி போன் செய்தான். அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு அனுபவமான ஆள் தேடுகிறார்கள், கம்பெனியே தங்க ஒரு அறை தருகிறது, மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும் என்றான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மறுபடி ஒரு அடையாள அட்டை, மறுபடி ஒரு ஷிப்ட், யாருக்கும் நம்மைத் தெரியாத ஊர்.

அவரிடம் சொன்னேன். "சரி, போவோம்" என்றார்.

ஆனால் அந்தச் சரிக்கு முன்னால் ஒரு நொடி தாமதித்தார். வேறு எவளுக்கும் அது தெரிந்திருக்காது. இருபத்தாறு வருடமாக அந்தச் சொல் எந்த வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். இது கலப்பு நூல் என்று உடனே புரிந்துவிட்டது. "உங்களுக்கு இஷ்டமில்லையா?" என்றேன். "யாரு சொன்னா? போவோம்ங்கிறேன்ல" என்றார். திரும்பத் திரும்பக் கேட்டேன், திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நம்ப முடியாத சம்மதத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி ஊரைக் காலி செய்வது? அங்கே போய் ஏதாவது ஆனால் 'உன்னால்தானே வந்தோம்' என்று அவர் சொல்லமாட்டார். சொல்லமாட்டார் என்பதுதான் எனக்குப் பயம். அதனால் குலசாமி கோயிலில் பூ கேட்டுவிடலாம் என்றேன்.

வேடசந்தூரைத் தாண்டி, கற்றாழையும் வேலிக்கருவையுமாகக் கிடக்கும் பொட்டலில் இருக்கிறது எங்கள் குலசாமி கோயில். பெரிய காரியம் எதுவானாலும் அங்கே பூ கேட்காமல் எங்கள் ஆட்கள் இறங்கமாட்டார்கள். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கேட்கிறவர் பொட்டலத்தைக் கட்டக் கூடாது, கட்டும்போது பார்க்கவும் கூடாது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். இதெல்லாம் அங்கே உள்ள முறை.

கேட்கிறவள் நான். அப்படியென்றால் கட்டுகிறவர் அவர். போதாக்குறைக்குப் பூ மார்க்கெட்டிலேயே வேலை பார்க்கிறவர். இந்த ஏற்பாட்டில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று செக்கிங்கில் இருந்தவளுக்குத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை காலை அவர் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார். "செத்த நேரம் நானும் பாக்குறேனே" என்றேன் வெளியிலிருந்து. "நீ பாத்துக் கட்டுனா அதுக்குப் பேரு பூ கேக்குறதில்ல, மில்லு வேல" என்றார். மஞ்சள் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார். பேருந்தில் பையைத் தொடையில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் இரண்டு பொட்டலத்தையும் அமுக்கிப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். இலை வாசம்தான் வந்தது. இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்திருப்பார், போக இஷ்டமில்லாதவர் வேறென்ன செய்வார் என்று எண்ணிக்கொண்டேன். சிவப்பு வரட்டும், அடுத்த பொட்டலத்தை அங்கேயே பிரித்துக் காட்டி மானத்தை வாங்கிவிடுகிறேன் என்று தயாராகத்தான் போனேன்.

பூசாரி வயதானவர். தீபாராதனை காட்டி, மணியடித்து, இரண்டு பொட்டலத்தையும் கையில் குலுக்கிக் காலடியில் வைத்தார். "நல்லா நெனச்சுக்க தாயி" என்றார். நான் நினைத்தேன். கண்ணைத் திறந்துகொண்டேதான் நினைத்தேன். அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மில்லை மூடிய அன்றைக்கு அழாதவள், கண்ணாஸ்பத்திரியில் அழாதவள், அங்கே நின்று தேம்பினேன். நான் நினைத்தது தப்பு, அவர் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார், சாமியும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. யார் மேலும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் ஒரு இடத்தில் நிற்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இதைத்தான் இவர் இத்தனை வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறாரா என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அந்தச் சுகம் கிணற்றடி வரைக்கும் இருந்தது.

"இதக் கொண்டுபோய்க் கெணத்துல போட்டுரு தாயி. பிரிக்கக் கூடாது" என்று பூசாரி மற்ற பொட்டலத்தை என் கையில் கொடுத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இல்லை. உள்ளே பழைய பொட்டலங்கள் காய்ந்து சருகாகக் கிடந்தன. போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கேட்டது கிடைத்துவிட்டது, இனி என்ன? ஆனால் கேட்டது இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். கட்டியிருந்த நாரை நகத்தால் நெம்பினேன்.

உள்ளே இருந்ததும் வெள்ளை அரளி.

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் முகத்துக்கு நேராகப் பொட்டலத்தை நீட்டினேன்.

"இது என்னங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "பிரிச்சுட்டியா?" என்றார், குழம்பு வைத்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரி.

"சாமி காரியத்துல போயி ஏமாத்துவீங்களா? மனுசங்கள ஏமாத்தினாக்கூடப் பரவாயில்ல. எதுக்கெடுத்தாலும் அவன் பாத்துக்குவான் அவன் பாத்துக்குவான்னு சொல்லிட்டு, அவன் கைய நீங்களே பிடிச்சு எழுதிட்டீங்களே!"

"கத்தாத. உக்காரு."

"நான் உக்காரல."

அவர் உட்கார்ந்தார். "நீ எப்படியும் அடுத்ததப் பிரிப்பேன்னு எனக்குத் தெரியும். அதுல செகப்பு இருந்துச்சுன்னு வச்சுக்க. திருப்பூருக்குப் போயி ஒரு நாளு தண்ணி வரலன்னாலும், அந்தச் செகப்பு வந்திருக்கணுமோன்னு நெனப்ப. காய்ச்சல் வந்தா நெனப்ப. சாகுற வரைக்கும் நெனப்ப. என்னையச் சந்தேகப்படு புள்ள, எனக்குப் பழகிருச்சு. சாமியவும் அங்கிட்டு வச்சுக்கிட்டுச் சந்தேகப்பட்டுட்டே இருந்தீன்னா, எப்பத்தான் நிம்மதியா இருப்ப?"

"அப்ப சாமி சொல்றதுன்னு ஒண்ணும் கெடயாதா?"

"இருக்கு. போன்னும் சொல்லாது, இருன்னும் சொல்லாது. எங்க இருந்தாலும் நானும் கூட இருக்கேன்னு சொல்லும். அதச் சொல்றதுக்கு எதுக்கு ரெண்டு கலரு?"

கோபம் அடங்காமல் வேறு ஒன்றைக் கேட்டேன். "சரி, ரெண்டும் ஒரே பூதான்னா செகப்பாவே வச்சிருக்கலாமே. உங்களுக்குப் போக இஷ்டமில்லன்னு எனக்குத் தெரியாதா?"

"உனக்குப் போகணும்னு இருக்கு. அதான் வெள்ளை வச்சேன்."

"உங்களுக்கு என்ன இருக்கு? அதச் சொல்லுங்க."

இந்தக் கேள்வியை நான் அவரிடம் இதற்கு முன் கேட்டதில்லை. இஷ்டமில்லையா என்று மிரட்டியிருக்கிறேன், என்ன மறைக்கிறீர்கள் என்று குடைந்திருக்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அன்றுதான்.

"இங்கன்னா ரோடு தெரியும்" என்றார் கடைசியில். "எந்தத் திருப்பத்துல குழி, எங்க ஸ்பீடு பிரேக்கரு, எந்தக் கடைக்காரன் ரோட்டுலயே சாமானப் போட்டு வச்சிருப்பான்னு எல்லாம் தெரியும். கண்ண மூடிக்கிட்டும் நடந்துருவேன். திருப்பூரு எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்துக் கண்ணும் போயிருச்சுன்னா, நீ வேலைக்குப் போனப்பறம் அந்த ஒத்த ரூமுல நான் என்ன பண்ணுவேன்? வெளிய எறங்கி ஒரு டீ குடிக்க முடியுமா? அத நெனச்சாத்தான் கொஞ்சம் பயமா இருக்கு."

"பயமா? உங்களுக்கா?"

"ஏன், எனக்குப் பயம் இருக்காதா? கேட்டுல அந்தத் தாளப் படிக்கும்போது காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு. அதான் சீட்டுல போயி உக்காந்துக்கிட்டேன். டாக்டரு வெளிச்சம் அடிக்கயில ஒண்ணுக்கு வந்துரும் போல இருந்துச்சு."

"அப்புறம் எப்படி சரி சரின்னு சொல்றீங்க?"

"பயந்துக்கிட்டேதான் சொல்றேன். பயம் போனதுக்கப்புறம் நம்பலாம்னு ஒக்காந்திருந்தா, என்னைக்கு நம்புறது?"

இத்தனை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. அவர் என்னிடம் மறைத்து வைத்திருந்தது இதுதான். வேறு பெண்ணும் இல்லை, வேறு சேதியும் இல்லை. எனக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. நான் அதை ஊர் மேலும் பால்காரர் மேலும் சாமி மேலும் போட்டு உலுக்கினேன். அவர் அதை வைத்துக்கொண்டே ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். இது புரிந்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அவருடைய குருட்டுப் பக்கமாக ஒளிந்து நடந்துபோனது ஞாபகம் வந்து, அந்தப் பொட்டலில் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "ஒன் கொலுசுச் சத்தம் கேட்டுச்சு."

நான் திரும்பவும் சன்னதிக்குப் போனேன். பூசாரி பாத்திரம் கழுவப் போயிருந்தார், யாரும் இல்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்று நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன், அதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சும்மா கும்பிட்டுவிட்டு வந்தேன். வரும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, பூ கேட்டீங்களா? என்ன வந்துச்சு?"

"வெள்ளப் பூவுதாம்ப்பா."

"அப்புறமென்ன! என்னைக்கு வாரீங்க?"

"வரலப்பா."

"சாமியே சரின்னு சொல்லிருச்சுல்ல? அப்புறம் எதுக்கு வரலங்கிறே? மாமா வேண்டாம்னுட்டாரா?"

"மாமா வாரேன்னுதான் சொல்றாரு. நாந்தான் இருந்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

"வெளயாடாத அக்கா. அங்க இருந்து என்ன பண்ணப்போறே? எந்த மில்லுல எடுப்பான் உன்னைய?"

"தெரியலப்பா."

தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. யாரையாவது கேட்டு, விசாரித்து, உறுதி வாங்கிக்கொண்டுதான் மூச்சே விடுவேன். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்துப் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரத்தான் செய்தது. அதை விரட்ட எங்கும் ஓட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து அண்ணாந்துகொண்டு வலது கண்ணில் தானாகவே சொட்டு மருந்து விடப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சொட்டு கன்னத்தில் வழிந்து வீணாயிருந்தது. "குடுங்க இங்க" என்று பாட்டிலை வாங்கினேன். இமையை ஒரு விரலால் விலக்கிப் பிடித்தேன். கண்ணுக்கு நேராக வருகிற எதைப் பார்த்தாலும் யாருக்கும் இமை துடிக்கும். அவருக்கும் துடித்தது, என் விரலுக்கடியில் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் மூடவில்லை. இருக்கிற ஒரே கண்ணை என் கைக்குக் கீழே முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு, "ம், விடு" என்றார்.